பாட்டைக் கேட்கிறவர் கூலியையும் கேட்க வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் புளூஸ் இசையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின உழைப்பாளிகளிடையே பிறந்த அந்த இசையை மானிடவியலாரும் நாட்டார் வழக்காற்றியலாரும் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள் என்பதே அதன் சாரம். அதைப் படித்துவிட்டு இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து எழுதியவர்களில் நால்வரின் கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: நான் மானிடவியல் முதுகலை மாணவி. எங்கள் வட்டாரத்தில் கல்யாணங்களிலும் கோயில்களிலும் வாசிக்கும் நாகசுர, தவில் கலைஞர்களைப் பற்றி ஆய்வேடு எழுத எண்ணியிருக்கிறேன். முதலில் புளூஸ் ஆய்வுகளைப் படித்துவிட்டு வரும்படி நெறியாளர் சொல்கிறார். மிசிசிப்பிக்கும் எங்கள் ஊருக்கும் என்ன பொருத்தம்? – ஒரு மாணவி, தேவிபட்டினம்

பதில்: இசையில் பொருத்தம் தேட வேண்டாம். இசையால் பிழைப்பவர்களை எப்படி விசாரிப்பது என்பதை அந்த ஆய்வுகளிலிருந்து கற்கலாம். எங்கெங்கே விசாரிக்கத் தவறினார்கள் என்பதிலிருந்து இன்னும் அதிகம் கற்கலாம்.

இந்த இசையைப் பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்றை எழுதியவர் இசையைத் தேடிப் போனவரே அல்லர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் சார்லஸ் பீபாடி 1901, 1902 ஆண்டுகளில் மிசிசிப்பி மாநிலத்தின் கோஹோமா மாவட்டத்தில் பழங்குடி மக்களின் மண்மேடுகளை அகழ்ந்தார். மண் வெட்டிய கறுப்பினக் கூலியாட்கள் வெட்டுக்கு இசைவாகப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். சில வரிகளை அங்கேயே கட்டிப் பாடினார்கள். அரைநாள் வேலை என்று சொல்லியிருந்த சனிக்கிழமையன்று வேலை நீண்டுகொண்டே போனபோது, இந்த அரைநாள் மிகவும் நீளம் துரையே என்ற பொருளில் ஒரு வரி குழியிலிருந்து எழுந்தது. பீபாடி அதையும் விடாமல் குறித்துக்கொண்டு 1903-இல் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். கூலி கொடுப்பவரின் காதில் விழும்படி கூலியாள் பாடிய முறையீடு அது. உங்கள் பக்கத்து அழகன்குளத்தில் 1986 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடந்திருக்கிறது. பானை ஓடுகளும் உரோமக் காசுகளும் அறிக்கைகளில் ஏறின. குழியில் இறங்கிக் கூடை சுமந்தவர்கள் என்ன பேசினார்கள், என்ன பாடினார்கள் என்று எவரேனும் எழுதிவைத்தார்களா என நெறியாளரிடம் கேட்டுப் பாருங்கள். அது தனி ஆய்வுக்கே உரிய கேள்வி.

அதே கோஹோமா மாவட்டத்துக்கு 1941-இலும் 1942-இலும் ஒரு பெரிய ஆய்வுக் குழு போயிற்று. நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென அமைந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அதற்கான முதல் எண்ணம் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து இசைப் பேராசிரியர் ஜான் வொர்க்குடையது. 1940 ஏப்ரலில் நாட்செஸ் நகரின் நடனக்கூடம் ஒன்று தீப்பற்றி, வாசித்துக்கொண்டிருந்த இசைக்குழுவினர் உட்பட 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரம் மக்களிடையே எவ்வகைப் பாடல்களைப் பிறப்பித்தது என்று ஆராய அவர் விரும்பினார். பிறகு இடம் மாறி, திட்டம் விரிந்து, காங்கிரஸ் நூலகத்தின் ஆலன் லோமாக்ஸும் சேர்ந்துகொண்டார். உலகம் நினைவில் வைத்திருப்பது லோமாக்ஸ் பெயரைத்தான். வொர்க், சமூகவியலாளர் லூயிஸ் ஜோன்ஸ், மாணவர் சாமுவேல் ஆடம்ஸ் ஆகிய கறுப்பின ஆய்வாளர் மூவரும் எழுதிய கைப்பிரதிகள் காணாமற்போய், 2005-இல்தான் நூலாக வெளிவந்தன. இதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் புளூஸைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் மிக முக்கியமான சாட்சியத்தைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சாட்சியத்தில் என்ன இருந்தது என்பதுதான் உங்களுக்குத் தேவை. ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மக்கின்லி மோர்கன்ஃபீல்டு என்ற இளைஞரின் பாட்டை 1941 ஆகஸ்டில் அவருடைய குடிசையிலேயே பதிவு செய்தார்கள். பின்னாளில் சிகாகோவில் மடி வாட்டர்ஸ் என்று உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். லோமாக்ஸ் அவரிடம் கிராமத்துப் பழம்பாடல்களை எதிர்பார்த்தார். ஆனால் அவர் வழக்கமாக என்னென்ன வாசிப்பார் என்று பட்டியல் எடுத்தபோது, அதில் அன்றைய வானொலியில் ஓடிய ஜனரஞ்சகப் பாட்டுகளும், மாட்டுப் பண்ணை வீரனாகத் திரையில் தோன்றிய ஜீன் ஆட்ரி பாடியவையும் புளூஸோடு கலந்து நின்றன. லூயிஸ் ஜோன்ஸ் கிளார்க்ஸ்டேல் நகரின் மதுக்கடைகளுக்குப் போய், காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளில் எந்தெந்தத் தட்டுகள் இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு வந்தார். கவுண்ட் பேஸி, லூயி ஜோர்டன் போன்ற நகரத்து இசைக்குழுக்களே அங்கும் கோலோச்சின. சனிக்கிழமை இரவு ஆட வந்தவர்கள் எதைக் கேட்டார்களோ அதைக் கலைஞர் வாசித்தார், வாசித்தால்தான் காசு.

நம் ஊர் வரவேற்பு மேடையில் நாகசுரக் கலைஞர் ஒரு கீர்த்தனையை முடிப்பதற்குள் சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆய்வேடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சீட்டைக் கலப்படம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நீங்கள் ஒதுக்காதீர்கள். சீட்டை யார் அனுப்பினார், அதோடு பணம் வந்ததா, அந்தப் பணம் யார் கைக்குப் போனது, தவில்காரருக்கு அதில் பங்கு உண்டா என்பதெல்லாம் உங்கள் குறிப்பேட்டில் ஏற வேண்டிய செய்திகள்.

இந்த வகையில் உங்களுக்கு மிகவும் பயன்படும் நூல், சார்லஸ் கைல் சிகாகோவில் ஆய்வு மாணவராக இருந்தபோது செய்த பணியிலிருந்து எழுந்து 1966-இல் வெளிவந்த நகர்ப்புற புளூஸ் பற்றிய ஆய்வு. அவர் காலத்து வெள்ளையின ரசிகர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும், வயது முதிர்ந்து, பார்வையிழந்து, எங்கோ பட்டிக்காட்டில் மறக்கப்பட்டுக் கிடக்கும் பாடகர் மட்டுமே அசல் புளூஸ் பாடகர். கோட்டும் சூட்டும் அணிந்து மின்கிதார் வாசித்தவர் வணிகர். கைல் அந்த அளவுகோலை வெளிப்படையாக மறுத்தார். கறுப்பின மக்கள் தாமே காசு கொடுத்துப் பார்க்கப் போகும் பி. பி. கிங், பாபி பிளாண்ட் ஆகியோரை எடுத்துக்கொண்டு, மேடையில் அவர்கள் செய்வதைத் தேவாலயப் போதகர் செய்வதோடு வைத்துப் பார்த்து, அந்தச் சமூகத்தில் அவர்கள் வகிக்கும் இடத்தை விளக்கினார். பி. பி. கிங் 1956-ஆம் ஆண்டில் மட்டும் 342 இரவுகள் ஊர் ஊராகப் போய் வாசித்தவர். அந்த எண்ணை ஒருமுறை நின்று யோசியுங்கள். மீதமிருந்தது மாதத்துக்கு இரண்டு நாள். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய ராகத்தையும் விரல் அசைவையும் மட்டும் எழுதினால் அது பாதி ஆய்வு.

ஆகவே தொடங்கும் இடம் கலைஞரின் ஆண்டுக் கணக்கு. முகூர்த்த நாட்கள் எத்தனை, அவற்றில் அச்சாரம் வாங்கியவை எத்தனை, ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு எப்படி எரிகிறது, கோயிலில் முறை வாசிப்பதற்கு என்ன தருகிறார்கள், பகலில் வேறு வேலை உண்டா, நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்திலோ வேறெங்கோ பதிவு செய்திருக்கிறார்களா, பிள்ளைகளுக்குச் சீவாளியைக் கையில் கொடுத்தார்களா அல்லது வேண்டாம் என்று படிக்க அனுப்பினார்களா? கல்யாண மேளக்காரருக்கு ஆடி வறண்ட மாதம்; அம்மன் கோயில் விழாக்களுக்கு அடிக்கும் நையாண்டி மேளக்காரருக்கும் உறுமிக்காரருக்கும் அதே ஆடி ஓய்வில்லாத மாதம். இந்த ஒரு வேறுபாட்டைப் பின்தொடர்ந்தாலே சாதி, கோயில் மரியாதை, கூலி மூன்றும் உங்கள் முன் வந்து நிற்கும். பேச்சுக்கு ஆடியில் முதலாமவரிடமும், ஐப்பசி மழை நாட்களில் மற்றவர்களிடமும் போங்கள்.

கேள்வி: கிதார் கற்று வருகிறேன். புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்று வித்தை பெற்றார் என்கிறார்களே, ஆய்வாளர்கள் இதை ஏற்கிறார்களா? – ஒரு கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: இல்லை. ஜான்சன் 1936-இலும் 1937-இலும் டெக்சாஸ் மாநிலத்தில் 29 பாடல்களைப் பதிவு செய்து, 1938-இல் 27 வயதில் இறந்தார். நாற்சந்திக் கதை முதலில் அவரைப் பற்றியதாகவே இருக்கவில்லை. டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவருடைய சகோதரர் ஆய்வாளர் டேவிட் எவன்ஸிடம் சொன்னது அது. ராபர்ட் ஜான்சனுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஐக் ஜிம்மர்மன் என்ற மனிதர். யாருக்கும் தொந்தரவில்லாத இடம் என்று இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பழகினார்கள் என்று ஜிம்மர்மன் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். ஏழைக் கலைஞரின் சாதகத்தை மறைத்து, வித்தை வானத்திலிருந்தோ பாதாளத்திலிருந்தோ வந்தது என்று சொல்லும் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. நீங்கள் சாதகம் செய்யுங்கள்.

கேள்வி: என் தாய்மாமா பக்கீர், தாயிரா என்ற தோற்கருவியைத் தட்டி ஊர் ஊராகப் பாடிவருகிறவர். அவரையும் அவருடைய கூட்டத்தாரையும் பற்றி எழுத ஆசை. நான் உறவுக்காரன் என்பதால் எல்லாம் எளிதாகக் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மைதானா? – ஒரு வாசகர், ஏர்வாடி

பதில்: இதற்கு விடை சொல்லத் தகுந்தவர் சோரா நீல் ஹர்ஸ்டன். ஃபுளோரிடாவில் கறுப்பின மக்களே ஆண்ட ஈட்டன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்து, நியூயார்க்கில் மானிடவியலின் பெரும் ஆசான் ஃபிரான்ஸ் போவாஸிடம் பயின்றவர். 1927-இல் சொந்த மண்ணுக்கே களப்பணிக்குத் திரும்பினார். கல்லூரியில் பழகிய நாசூக்கான உச்சரிப்பில், நாட்டார் கதைகளோ பாடல்களோ தெரியுமா என்று கேட்டார். தங்கள் வாழ்நாளெல்லாம் அவற்றிலேயே ஊறிய மனிதர்கள், அப்படி எதுவும் தங்களுக்குத் தெரியாது, அடுத்த ஊரில் கேட்டுப் பாருங்கள் என்று தலையை ஆட்டினார்கள். அந்தப் பயணம் பெரும்பாலும் தோல்வி என்று அவரே எழுதியிருக்கிறார்.

அடுத்த முறை மர அறுவை முகாம் ஒன்றில் தங்கினார். அங்கும் முதலில் எவரும் நெருங்கவில்லை. அவரிடம் பளபளக்கும் கார் இருந்தது. உடுத்தியிருந்தது நியூயார்க் கடையில் 12.74 டாலருக்கு வாங்கிய கவுன். மற்றப் பெண்கள் அஞ்சலில் வரவழைத்த 1.98 டாலர் கவுன்களில் இருந்தார்கள். இவர் அரசாங்கத்து உளவாளியாக இருப்பார் என்று முகாமே முடிவு கட்டியிருந்தது. தாம் கள்ளச்சாராயம் கடத்திப் போலீசுக்குத் தப்பி வந்தவள் என்று ஒரு பொய்யைச் சொன்ன பிறகும், விருந்தில் அவர்களோடு நின்று ஒரு பாட்டைப் பாடிக் காட்டிய பிறகும்தான் கூட்டம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பொய்யை இன்றைய ஆய்வு நெறி அனுமதிக்காது. நீங்களும் பின்பற்ற வேண்டாம். ஆனால் பாட்டைக் கற்ற முறை பின்பற்றத் தக்கது. 1939-இல் ஒலிப்பதிவு ஒன்றில் அவரே அதை விளக்குகிறார்: கூட்டத்தில் கலந்து பாடுவார், சரியாகப் பாடுகிறாய் என்று அவர்கள் சொல்லும்வரை திரும்பத் திரும்பப் பாடுவார், அதன் பிறகே அது தமக்குத் தெரிந்த பாட்டு என்று எண்ணிக்கொள்வார். தேர்வு வைக்கிறவர்கள் பாடகர்கள்; தேர்வு எழுதுகிறவர் ஆய்வாளர்.

ஆகவே உறவு வாசலைத் திறக்கும். அதற்கு மேல் உங்கள் பழக்கம்தான் பேசும். மருமகனிடம் மாமா சொல்ல விரும்பாதவை சில இருக்கும். கூட்டத்தாருக்குள் யார் எந்தத் தெருவில் பாடுவது, காணிக்கையை எப்படிப் பிரிப்பது போன்றவற்றில் பழைய மனத்தாங்கல்கள் இருக்கும். அவற்றில் நீங்கள் மாமாவின் பக்கத்து ஆளாகவே பார்க்கப்படுவீர்கள். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதுங்கள். சந்தனக்கூட்டுக் காலத்தில் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். ஆயினும் அவர்களுக்கு வருமானம் வரும் அந்த நாட்களில் ஒலிவாங்கியை நீட்டாமல், உடன் நின்று பதில் பாடும் வரிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இளவயதில் கரைவலை இழுத்தவன். இழுக்கும்போது ஏலேலோ போட்டு அம்பா பாடுவோம், நான் முன்பாட்டுக்காரன். பேரன் புளூஸ் என்று ஒன்றைக் கேட்கக் கொடுத்தான். இதுவும் வேலைப்பாட்டிலிருந்து வந்ததுதான் என்கிறான். மெய்யா? இன்னொன்று: யாரோ ஒரு தம்பி வந்து நான் பாடியதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு போயிருக்கிறார். அது என்ன ஆகும்? – ஒரு பெரியவர், தொண்டி

பதில்: ஐயா, உங்கள் பேரன் சொல்வது பெரும்பாலும் மெய். ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் வாங்கிப் பாடும் வேலைப்பாட்டும், வயலில் தனியாளாக நீட்டிக் குரல் கொடுக்கும் பாட்டும் புளூஸுக்கு முன்னோர். புளூஸ் பிறந்தபோது அந்தப் பதில் பாடும் கூட்டம் இல்லாமற்போய், பாடகர் ஒரு வரியைப் பாடி நிறுத்தும் இடத்தில் அவருடைய கிதாரே பதில் சொல்லத் தொடங்கியது. முதல் வரியை இருமுறை பாடி மூன்றாவதில் முடிக்கும் அமைப்பு பரவலானது. உங்கள் அம்பாவில் பதில் சொன்னது வடத்தைப் பிடித்த கைகள். அந்த வேறுபாட்டை உங்கள் பேரனுக்குப் பாடிக் காட்டினால் அவர் உடனே பிடித்துக்கொள்வார்.

கூட்டு வேலைப்பாட்டு அமெரிக்காவில் நெடுங்காலம் உயிரோடு இருந்தது தென்மாநிலச் சிறைப் பண்ணைகளில். மரம் வெட்டும் கைதிகளின் கோடரிகள் ஒரே நொடியில் விழ வேண்டும். ஒன்று பிந்தினால் பக்கத்தில் நிற்பவர் உடம்பில் பாயும். முன்பாட்டுக்காரர் தாளத்தைக் கட்டுக்குள் வைத்திருந்ததால், வயதானவரும் பலவீனரும் பிந்தி நின்று காவலாளியின் கண்ணில் படாமல் தப்பினார்கள். இரு கயிற்றிலும் வரிசை கலையாமல் வலையின் மடி கரையேறும்வரை இழுப்பை ஒரே சீராக வைத்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல முன்பாட்டுக்காரருக்கு உங்கள் கரையில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தனியாக ஏதேனும் கொடுத்தாரா, அல்லது எல்லாருக்கும் உள்ள பங்குதானா என்று எழுதியனுப்ப முடிந்தால் நன்றியுடையவனாவேன். அது எங்கும் சரியாகப் பதிவாகவில்லை என்பது என் எண்ணம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஜேம்ஸ் கார்ட்டரின் கதையே விடை. 1959-இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணையில், சக கைதிகள் கட்டை வெட்ட அவர் முன்பாட்டுப் பாடியதை ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். விடுதலைக்குப் பின் கார்ட்டர் சிகாகோவில் வாழ்ந்தார். பாடியதே நினைவிலிருந்து போய்விட்டது. 2000-ஆம் ஆண்டில் ஹாலிவுட் படம் ஒன்றின் தொடக்கத்தில் அந்தப் பதிவு ஒலித்தது. படத்தின் இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விற்று, 2002-இல் கிராமி விருதும் பெற்றது. லோமாக்ஸ் ஆவணக் காப்பகத்தார் பழைய குறிப்புகளிலிருந்த பெயரையும் ஊரையும் வைத்துத் தேடி, 76 வயதில் அவரைக் கண்டுபிடித்து 20,000 டாலர் காசோலையைக் கையில் கொடுத்தார்கள். மறுஆண்டு அவர் காலமானார்.

அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது, 1959-இல் பதிவு செய்தவர் பாடியவரின் பெயரை எழுதிவைத்ததால். மடி வாட்டர்ஸுக்கும் லோமாக்ஸ் இரண்டு இசைத்தட்டுகளும் 20 டாலரும் அனுப்பினார். பண்ணையில் மணிக்கு 22½ சென்ட் கூலி வாங்கிய மனிதருக்கு அது சிறு தொகையன்று. தம் குரலைத் தட்டில் கேட்டதுதான் தம்மால் முடியும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். அவர் 25 சென்ட் கூலி கேட்டதற்கு மேற்பார்வையாளர் சினந்த பிறகு, 1943-இல் சிகாகோவுக்கு இரயில் ஏறினார்.

அந்தத் தம்பியை மறுபடி வரச் சொல்லுங்கள். பதிவின் தொடக்கத்தில் உங்கள் பெயர், தகப்பனார் பெயர், ஊர், எந்தக் கரையில் எவர் வலையை இழுத்தீர்கள், பாட்டை யாரிடம் கற்றீர்கள் என்பவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிப் பதியுங்கள். பதில் பாடியவர்களின் பெயர்களையும் விடாமல் சொல்லுங்கள். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் உங்களைக் கேட்டுவிட்டு ஏற்ற வேண்டும், அதில் வருமானம் வந்தால் உங்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிரதி ஒன்று உங்கள் பேரனிடம் இருக்கட்டும். இன்னொன்றைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்கோ, 1982 முதல் இந்திய இசைப் பதிவுகளைப் பேணிவரும் குருகிராம் இன இசையியல் ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேட்டு ஒப்படைக்கலாம். தேவிபட்டினத்து மாணவிக்கும் உங்களைச் சந்திக்க விருப்பம் இருக்கும் என்று நம்புகிறேன். சம்மதம் தெரிவித்து ஓர் அஞ்சலட்டை போட்டால் உங்கள் முகவரியை அவருக்கு அனுப்பிவைக்கிறேன்.